நாலு பேர், ஒரு மிளகுச் சாம்பிள்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் மிளகு வாங்குபவர் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. லிட்டர் எடை, ஈரப்பதம், பதர், பூஞ்சை, விலை, சரக்கு வந்து சேரும் நாள் எல்லாம் சேர்ந்ததுதான் முடிவு. நாலு பேர் குழுவாக உட்கார்ந்தாலோ, போன வாரம் தள்ளிய சரக்கே இந்த வாரம் தேறிவிடும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

முதலில், பேரம் பேசக் கூடாதவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். 1957-இல் இங்கே உருவான மிளகு வணிகர் சங்கம் முன்பேர வர்த்தகம் நடத்தியபோது, மூட்டையைப் பார்க்காமலே விலை பேச முடிந்தது. தரம் எழுத்தில் இருந்ததே காரணம். அக்மார்க்கின் ‘மலபார் கார்பிள்டு 1’ தரத்தில் ஈரப்பதம் 11 சதவீதத்தையும் பதர் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. உங்கள் ஆர்டர் அந்தத் தரத்துக்கு என்றால், 13 சதவீத ஈரச் சரக்கு மலிவு என்ற பேச்சே எழக் கூடாது. காயவைத்துக்கொள்ளலாம் என்பவர், அந்தச் செலவையும் எடை இழப்பையும் விலையில் ஏற்றிக்கொண்டு வரட்டும்.

மிஞ்சியவற்றை இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970-களில் வகுத்த முறை இது. மதிப்பு 1 முதல் 9 வரை. லிட்டர் எடை விலையைவிட 2 மடங்கு முக்கியம், விலை டெலிவரி நாளைவிட 3 மடங்கு முக்கியம் என்றவர், லிட்டர் எடைக்கும் டெலிவரிக்கும் 6 மடங்கு சொல்ல வேண்டும். ‘இரண்டும் சமம்’ என்றால் தன்னோடு தானே முரண்படுகிறார். முரண் விகிதம் 0.10-ஐத் தாண்டினால் ஒப்பீட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார் சாட்டி. இதைக் கணக்கிட எக்செல் போதும்.

பல அலுவலகங்கள் சறுக்குவது இங்கேதான்: ஆளுக்கு ஆள் முரணைச் சரிபார்க்காமல் நேரே சராசரிக்குப் போய்விடுகிறார்கள். அதிலும் எந்தச் சராசரி? ஒருவர் 9 மடங்கு என்கிறார், இன்னொருவர் ஒன்பதில் ஒரு பங்கு என்கிறார். கூட்டி இரண்டால் வகுத்தால் 4.5-க்கு மேல் வரும். முதலாமவர் சும்மா ஜெயித்துவிடுவார். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1, அதுவே நியாயம். ஆனாலும் அதை ஒருமித்த கருத்து என்று எழுதிவிடாதீர்கள். அந்த இருவரையும் பேசவிடுங்கள்.

இந்த முக்கியத்துவத்தை வைத்துச் சாம்பிளுக்குப் போடும் மதிப்பெண்ணை, பேசுவதற்கு முன்பே எல்லோரும் தாளில் எழுதிவிட வேண்டும். முதலாளி கடைசியில் வாய் திறக்கட்டும். அவர் முதலில் பேசினால் மற்ற மூன்று தாளும் அவர் கையெழுத்துதான்.

அடுத்த கூட்டத்தில் யாருக்கும் சொல்லாமல் ஒரே சாம்பிளை இரண்டு வேறு எண்களில் வையுங்கள். இரண்டு மதிப்பெண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். அந்த இடைவெளியைவிடக் குறைந்த வித்தியாசத்தில் எந்தச் சரக்கையும் தள்ளாதீர்கள்.