ஊரார் எடுத்த பள்ளி

திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இன்று தொழிற்சாலைகளாற் பெயர்பெற்றவை. அவை அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில், 1958-ஆம் ஆண்டு ஒரு மாநாடு கூடிற்று. முதலமைச்சர் காமராசர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு அது.

அந்நாளில் நாட்டுப்புறப் பள்ளிகள் பலவற்றில் கூரை ஒழுகும். ஏழைப் பிள்ளைகள் வெறுந்தரையில் அமர்வர். ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் கூடிப் பள்ளியின் குறைகளைப் பட்டியலாக எழுதினர். இன்ன பொருள் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டதே இவ்வியக்கத்தின் நுட்பம். ‘பள்ளிக்கு உதவுக’ என்றால் தலையசைத்துப் போவோரும், ‘ஒரு கரும்பலகை வேண்டும்’ என்றால் மறுக்கக் கூசுவர் அன்றோ! செல்வர் நிலமும் கட்டடமும் தந்தனர். ஏனையோர் நாற்காலி, கடிகாரம், நிலப்படம் முதலியன கொணர்ந்தனர். கொடுக்க ஒன்றுமில்லாதாரும் வாளா இருந்தாரல்லர். சுவருக்கு வெள்ளையடித்தனர், மண் சுமந்தனர். பள்ளிக்கு வந்த பொருள்களினும் அவ்வுழைப்பே பெரிது; தம் கைபட்ட சுவரை எவரும் பாழ்பட விடார்.

இன்று அவ்வட்டாரத்துக்கு வேற்று மாநிலத் தொழிலாளரும் பிழைப்பு நாடி வருகின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும். 2022-இல் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் திட்டத்தின் வழியே தொழில் நிறுவனங்களும் பழைய மாணவரும் அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம். பள்ளியின் தேவைகளை ஆராயும் மேலாண்மைக் குழுவிலோ பெற்றோரே மிகுதியானவர்.