கார்பன் மோனாக்சைடு மீட்டர் சரியாக வேலை செய்கிறதா?

கேஸ் கீசர், ஜெனரேட்டர், ஊட்டி-கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் வைக்கும் கரிக்கங்கு, இவை இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு மீட்டர் அவசியம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மீட்டரை நம்பித்தான் தூங்குகிறோம். அது ‘0’ காட்டும்போது, காற்று சுத்தமாக இருக்கிறதா அல்லது சென்சார் செத்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்வது முக்கியம்.

1. அலாரம் அடித்தால் மீட்டரை ஆராயாதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். வருகிற வழியில் முடிந்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் இருந்தால் உடனே 108. மீட்டரில் கோளாறா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

2. கையடக்க மீட்டர்கள் பலவும் ஆன் செய்தவுடன் அப்போதைய காற்றையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் மொட்டை மாடியிலோ, வண்டிப் புகை இல்லாத திறந்தவெளியிலோ ஆன் செய்து, எண் நிலையானபின் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வாயு இருக்கும் அறையில் பூஜ்யம் செட் செய்தால், அடுத்து 50 இருக்கும் இடத்திலும் 30 என்றுதான் காட்டும். தட்டில் புளி இருக்கும்போதே முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்த தராசு மாதிரி.

3. வெளிக்காற்றில் கழித்தல் குறியோடு எண் வந்தால், முன்பு பூஜ்யம் செட் செய்த இடத்தில் வாயு இருந்திருக்கலாம். மறுபடி செட் செய்யுங்கள். அந்த இடத்தையும் சோதியுங்கள்.

4. ‘டெஸ்ட்’ பட்டன் பெரும்பாலும் பேட்டரி, பஸ்ஸர், சர்க்யூட் ஆகியவற்றை மட்டும்தான் சோதிக்கும். சென்சாருக்கு வாயு தெரிகிறதா என்பது அதில் தெரியாது. அதற்கு அளவு தெரிந்த வாயுவைக் காட்ட வேண்டும். சர்வீஸ் சென்டரில் 100 பிபிஎம் போன்ற சான்றளித்த சிலிண்டர் வைத்திருப்பார்கள். முதலில் பூஜ்யம், பிறகு வாயு. இந்த வரிசை மாறினால் திருத்தமே தப்பாகிவிடும். சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள். திருத்துவதற்கு முன் மீட்டர் என்ன காட்டியது என்பதையும் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதுவரை எவ்வளவு தப்பாகக் காட்டியது என்று தெரிய வேறு வழியில்லை.

5. கார் சைலன்ஸரில் வைத்துச் சோதிக்க வேண்டாம். அங்கே வாயு சென்சாரின் எல்லையைத் தாண்டிப் போகக்கூடும். மீண்டு வர நேரமாகும், சென்சார் கெடவும் கூடும்.

6. கரண்ட் வந்ததும் அலாரம் அடிக்கிறதா? இன்வெர்ட்டர் பேட்டரியைக் கவனியுங்கள். சார்ஜ் ஏறும் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். பல சென்சார்கள் அதையும் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டர் ஓடியிருந்தால், அந்தப் புகையே உள்ளே வந்திருக்கலாம். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறதா என்றும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

7. சானிடைசர், தின்னர், பெயின்ட் வாசனையும் எண்ணை ஏற்றிவிடலாம். மீட்டரை ஸ்ப்ரே அடித்துத் துடைக்காதீர்கள். உலர்ந்த துணி போதும்.

8. குழாய் வழியே காற்றை உறிஞ்சும் அனலைசரில், குழாய் விரிசல் விட்டால் வெளிக்காற்று கலந்து எண் குறைந்துவிடும். குழாய் நுனியை விரலால் ஒரு கணம் அடையுங்கள். பம்ப் திணறும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எங்கோ கசிகிறது. ஃபில்டரையும், தண்ணீர் சேரும் கிண்ணத்தையும் பாருங்கள்.

9. திரையில் 40 காட்டியும் அலாரம் அடிக்கவில்லையா? அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. இஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரப்படி 50 பிபிஎம்முக்கு 60 முதல் 90 நிமிடத்திலும், 100க்கு 10 முதல் 40 நிமிடத்திலும், 300க்கு 3 நிமிடத்துக்குள்ளும் அடிக்க வேண்டும். அலாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் 40ஐப் பார்த்ததுமே காரணத்தைத் தேடுங்கள்.

10. எல்பிஜி சமையல் கேஸ் கசிவைக் காட்டும் கருவி இதற்கு ஈடாகாது. அது தரையோரம் இருக்க வேண்டியது, வேறு வாயுவுக்கானது. கார்பன் மோனாக்சைடு மீட்டரைப் படுக்கையறையில் வையுங்கள். குளியலறை நீராவி அதற்கு ஆகாது.

11. சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. பின்பக்கம் தேதி அச்சிட்டிருக்கும். அது தாண்டினால் எந்தத் திருத்தமும் பலிக்காது, புதிதுதான் வாங்க வேண்டும்.