அரிசிம்பருப்பு உள்ளே போனதும்

அன்புள்ள கண்ணு,

சாப்பிட்டதும் சர்க்கரை கூடிவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். சிங்காநல்லூரில் அம்மாயி ஆக்கும் அரிசிம்பருப்புச் சாதத்தை வைத்தே பார்க்கலாம்.

அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்துக்குப் போகிறது. வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் சாதாரணமாக இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம்தான். ஒரு தட்டுச் சோற்றில் வருவது அதைப்போலப் பத்து மடங்கு.

அதை முதலில் கண்டுகொள்வது கணையத்தின் பீட்டா செல். உள்ளே வரும் குளுக்கோஸை எரித்துத்தான் அது அளக்கிறது! மூளைச் செல்லின் ஹெக்சோகைனேஸ் நொதி, குளுக்கோஸ் கொஞ்சமாக இருந்தாலும் முழுவேகத்தில் ஓடும். பீட்டா செல்லின் குளுக்கோகைனேஸோ இரத்தத்தில் சர்க்கரை ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். அதனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பெருகும். பெருகினால் செல்சவ்வின் பொட்டாசியம் வாயில்கள் அடைபடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும்.

பருப்புக்கு வேறு வழி. அதிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் கூடினால் எம்டார் என்ற புரதம் விழித்து, செல்லை வளரச் சொல்கிறது.

இன்சுலின் வந்து சேர்ந்ததும், தசைச் செல்லுக்குள் சிறு பைகளில் கிடந்த குளூட்-4 என்ற கடத்திப் புரதம் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசை இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் நடந்தால் இன்னொரு வழி திறக்கிறது. தசை உழைக்கும்போது ஏடிபி செலவாகி, அதன் மிச்சமான ஏஎம்பி கூடும். அதை ஏஎம்பிகே என்ற நொதி உணரும். அதுவும் வேறு சில சைகைகளும் சேர்ந்து, இன்சுலின் இல்லாமலே குளூட்-4ஐ மேலே கொண்டுவரும். இந்த இரண்டாவது வழி நோயாளிக்கும் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய செய்தி.

நடையின் பலனைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அது 39.3, மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்தும் 39.5தான்.

உன் அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாயே, இன்றைக்கே அவரைச் சாயங்காலம் அரைமணி நேரம் நடக்கக் கூட்டிப் போ. நீயும் கூடவே நட.

அன்புடன்,
மாமா