தலைநகரை வீழ்த்திய தண்ணீர்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

போரினால் அழிந்த நகரங்களைப் பற்றி வரலாற்று நூல்களில் படித்திருக்கிறோம். கடல் கொண்ட பட்டினங்களைப் பற்றித் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். குடிநீர் கெட்டதால் மக்கள் கைவிட்ட ஒரு தலைநகரை, சென்ற ஆகஸ்டு மாதம், கொட்டும் மழையில் நான் நேரில் கண்டேன். அதுதான் பழைய கோவா. அங்கே ஒரு நாள் கற்ற பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றைக் கடந்து

கோவாவில் நடைபெற்ற நாட்டு நலப்பணித் திட்ட முகாமொன்றிற்கு எங்கள் கல்லூரியிலிருந்து மாணவர் நால்வரும், திட்ட அலுவலரான எங்கள் பேராசிரியரும் சென்றிருந்தோம். மாண்டவி ஆற்றின் நடுவே உள்ள திவார் என்னும் தீவில் தங்குமிடம். முகாமின் இடையே ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. மழை மட்டும் ஓயவில்லை. கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் மாநிலத்தின் சராசரியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. “இந்த மழை எப்போது நிற்கும்?” என்று எங்களுக்குச் சமைத்துப்போட்ட அம்மாவிடம் கேட்டோம். “செப்டம்பரில்” என்றார் அவர். இனிக் காத்திருந்து பயனில்லை என்று குடைகளுடன் கிளம்பினோம்.

தீவிலிருந்து பழைய கோவாவுக்கு ஃபெர்ரிப் படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். தட்டையான இரும்புப் படகு அது. முன்புறப் பலகையைத் தாழ்த்திக் கரையில் படிய வைத்ததும் ஸ்கூட்டர்களும் கார்களும் நேரே ஏறிவிடுகின்றன. நடந்து வருவோருக்குக் கட்டணம் கிடையாது. சில நிமிடப் பயணம்தான். ஆனால் அன்று ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது; நீரின் நிறமோ செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போலிருந்தது.

“ஏன் சார் இவ்வளவு சிவப்பு?” என்று கேட்டேன்.

“இந்த நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள். அக்கரை போனதும் பேசலாம்” என்றார் பேராசிரியர்.

படகுத்துறையிலிருந்து சிறிது தூரம் ஏறியவுடன் ஒரு கல் வளைவு நிற்கிறது. வைசிராய் பிரான்சிஸ்கோ ட காமா தம் கொள்ளுப்பாட்டனார் வாஸ்கோ ட காமாவின் நினைவாக 1599-இல் எழுப்பியது. போர்ச்சுகலிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு வைசிராயும் ஆற்றுவழியே வந்திறங்கி, இவ்வளைவின் வழியாகவே நகருக்குள் ஊர்வலமாகச் சென்றார்களாம். அதே வழியில் நாங்கள் நனைந்த செருப்புகள் சளக் சளக்கென்று ஒலிக்க நுழைந்தோம்.

வீடுகள் எங்கே?

1510-இல் அல்புகர்க் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து கோவாவைக் கைப்பற்றினார். 1530 முதல் கீழைநாடுகளில் போர்ச்சுகீசியர் ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் இதுவே தலைநகராயிற்று. கோவாவைக் கண்டவன் லிஸ்பனைக் காண வேண்டியதில்லை என்று அவர்களே பெருமை பேசிக்கொண்ட ஊர். 1961 டிசம்பர் 19 அன்று இந்தியப் படை விடுவிக்கும் வரை, 451 ஆண்டுகள் அவர்கள் ஆட்சி நீடித்தது. ஆனால் ஆட்சி முடிவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தத் தலைநகர் முடிந்துபோயிற்று.

வளைவைக் கடந்து சென்றால் பெரிய பெரிய தேவாலயங்கள், புல்வெளி, தென்னை மரங்கள். 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றவை இத்தேவாலயங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் கேட்டார்: “இத்தனை பேராலயங்கள் இருக்கின்றனவே, இவற்றில் வழிபட்ட மக்களின் வீடுகள் எங்கே?”

எங்களுக்கு விடை தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடைத்தெரு இல்லை; வீதி வரிசை இல்லை. வைசிராய்கள் குடியிருந்த பழைய அரண்மனையின் வாயிற்சட்டம் மட்டும் தனியே மழையில் நின்றது. அருகிலுள்ள புனித கஜெட்டன் தேவாலயத்தில் மழைக்கு ஒதுங்கினோம். அதன் மாடக் கூரைக்கு நேர் கீழே, மூடப்பட்ட மேடையொன்று இருந்தது. அதன் அடியில் ஒரு கிணறு உள்ளது என்றார்கள். ஆற்றங்கரையில் இருந்தும் இவ்வூர் மக்கள் கிணறுகளை நம்பியே வாழ்ந்தனர். மாண்டவி கடலருகே கலப்பதால் அதன் நீரில் உப்பு ஏறும்.

மழையைக் குடிக்கும் கல்

அடுத்து பொம் ஜேசு பேராலயம். 1594-இல் தொடங்கி 1605-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருப்பது இங்கேதான். இதன் வெளிச்சுவர்களில் இருந்த சுண்ணாம்புப் பூச்சை 1950களில் அகற்றிவிட்டதால், செந்நிறக் கல் வெளியே தெரிகிறது. மழை நீர் அதில் வழிந்தோடவில்லை, உறிஞ்சப்பட்டது. கையை வைத்துப் பார்த்தேன். நனைந்த கடற்பஞ்சைத் தொட்டதுபோல் குளிர்ந்தது.

அது நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் வீடு கட்டும் அதே செம்புறாங்கல்! பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு, செங்கல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் 1807-இல் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். வெப்பமும் கனமழையும் மாறி மாறித் தாக்கும் நாடுகளில், பாறையிலுள்ள கரையும் பொருள்களை மழை நீர் கழுவிச் சென்றுவிடும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடும். ஆற்று நீரின் சிவப்புக்கு அந்த இரும்பே காரணம். கரைந்து போனவற்றின் இடத்தில் எஞ்சியவை துளைகள், குழல்கள்.

“இந்தச் சுவரைப் போன்றதுதான் உங்கள் காலடியில் இருக்கும் நிலமும். இதன்மேல் ஒரு பெரிய நகரத்தைக் கட்டி, சாக்கடை கட்டாமல் விட்டால் என்னவாகும்?” என்றார் பேராசிரியர்.

விடை அப்போது புலப்பட்டது. நுண்மணல் வழியே மெல்லக் கசியும் நீர் ஓரளவு வடிகட்டப்படுகிறது. துளை மிகுந்த செம்புறாங்கல்லில் நீர் விரைந்து இறங்குகிறது. கிருமிகளும் கூடவே இறங்குகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கழிவுக்குழிகள் நிரம்பி, அந்நீர் நிலத்தடி வழியாகப் பக்கத்துக் கிணற்றுக்குச் சென்றது. மேலே தெளிந்த நீர், உள்ளே நஞ்சு.

நோய் வந்த வழி

1543-இல் கோவாவில் வாந்திபேதி பெருவாரியாகப் பரவியது. பின்னரும் காய்ச்சலும் பேதியும் விட்டு விட்டு வந்தன. 1695-இல் வைசிராயே அரண்மனையை விட்டுப் புறநகரான பனேலிமுக்குக் குடிபெயர்ந்தார். 1759-இல் அங்கிருந்தும் பணஜிக்குச் சென்றார். 1770களில் நகரைப் புதுப்பிக்க லிஸ்பனிலிருந்து ஆணை வந்தது. வேலைக்கு வந்தவர்களே நோயில் விழுந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1843-இல் பணஜி முறைப்படி தலைநகராயிற்று.

நீர் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. டச்சுக்காரர்கள் 1641-இல் மலாக்காவையும், 1656-இல் கொழும்பையும், 1658-இல் நம் நாகப்பட்டினத்தையும், 1663-இல் கொச்சியையும் பறித்துக்கொண்டதால் போர்ச்சுகீசியரின் வாணிகம் சரிந்தது. 1835-இல் துறவியர் மடங்கள் மூடப்பட்டதும் எஞ்சியிருந்தோரும் வெளியேறினர். குன்றின் மேல் புனித அகுஸ்தீனார் கோபுரத்தைப் பார்த்தோம். 46 மீட்டர் உயரத்தில் பாதி உடைந்து நிற்கிறது. பராமரிப்பார் இல்லாமல் 1842-இல் தேவாலயத்தின் கூரை வளைவு விழுந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் விழுந்தன. வாணிகம் போன ஊர் ஏழையாகியிருக்கும். ஆனாலும் மக்கள் வாழ்ந்திருப்பார்கள். அவர்களை வாழவிடாமல் செய்தது நோய்தான்.

விலங்கியல் மாணவனாகிய எனக்கு அங்கே இன்னொன்றும் தோன்றியது. மக்கள் விட்டுச் சென்ற வீட்டுக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் மழை நீர் தேங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனங்களில் சில, கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடுபவை. வீடு காலியாகக் காலியாகக் கொசு பெருகியிருக்கும். கொசு பெருகப் பெருக அடுத்த வீடும் காலியாகியிருக்கும்.

அந்நாளில் வாழ்ந்தோர் மூடர்கள் அல்லர். நோயாளிகளைப் பேண அவர்கள் பெரிய அரச மருத்துவமனையே வைத்திருந்தனர். ஆனால் கெட்ட காற்றே நோய் தருகிறது என்று உலகமே நம்பிய காலம் அது; ‘மலேரியா’ என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். லண்டனில் ஜான் ஸ்நோ ஒரு தெருக் குழாயடியைச் சுட்டிக்காட்டி, காலரா தண்ணீரில் வருகிறது என்று மெய்ப்பித்தது 1854-இல். ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதன் கிருமியை இனங்கண்டது 1884-இல். செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது 1897-இல். பழைய கோவா காலியான பிறகுதான் அதன் நோய்க்குக் காரணம் தெரியவந்தது.

கஞ்சியும் அறிவியலும்

கோவாவில் வாழ்ந்த கார்சியா ட ஓர்ட்டா என்னும் போர்ச்சுகீசிய மருத்துவர், 1563-இல் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதி அந்நகரிலேயே அச்சிட்டார். வாந்திபேதியைப் பற்றியும் அதில் எழுதியுள்ளார். உள்ளூர் வைத்தியர்கள் நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரைக் கொடுப்பதைக் குறிப்பிட்டு, அதன் பெயர் கஞ்சி என்றும் எழுதியிருக்கிறார். பேராசிரியர் இதைச் சொன்னபோது என் நெஞ்சம் எங்கள் ஊருக்குப் போய்விட்டது.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் பேதி பரவியது. ஊரார் தெய்வக் குற்றம் என்றனர். என் தம்பிக்கு இரவெல்லாம் பேதி. அப்பத்தா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம், பிழைத்துக்கொண்டான். மூன்று வீடு தள்ளியிருந்த குழந்தை பிழைக்கவில்லை. பேதியாகும்போது தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தத் தாய் நீர் தராமலேயே வைத்திருந்தார்.

அப்பத்தா செய்தது சரி என்பதற்கான காரணத்தை நான் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தேன். காலராவில் குடலின் நீர் வெளியேறினாலும், உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சும் ஆற்றல் குடற்சுவரில் அழிவதில்லை. அவற்றோடு நீரும் உள்ளே செல்கிறது. கஞ்சியின் மாவுப்பொருளும் செரித்துச் சர்க்கரையாகிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில், ஆறு சமதேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான். இதை மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

நம் கடமை

மாலையில் அதே ஃபெர்ரியில் திரும்பினோம். மழை நின்றபாடில்லை. சிவந்த நீருக்கு அப்பால் அந்த வளைவு மங்கி மறைந்தது. எங்கள் ஊர் நிலமும் செம்புறாங்கல் நிலம்தானே என்ற எண்ணம் மட்டும் மறையவில்லை.

தீபாவளி விடுமுறையில் வீட்டுக்குச் சென்றதும் ஒரு கயிற்றை எடுத்து, எங்கள் கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தேன். ஆறு மீட்டர். குறைந்தது பதினைந்து மீட்டராவது இருக்க வேண்டும். துளை மிகுந்த நிலமாயின் அதுவும் போதாது. அப்பாவிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்தவன் சொல்கிறான் என்று அவர் மறுபேச்சின்றிக் கேட்டுக்கொண்டார். கோடையில் குழியை மாற்றிவிடலாம் என்றார். காய்ச்சிய தண்ணீரில் ருசியில்லை என்று அப்பத்தாவுக்குத்தான் குறை. “நீங்கள் ஊட்டிய கஞ்சியும் காய்ச்சிய தண்ணீர்தானே அப்பத்தா” என்றேன். சிரித்துவிட்டுக் குடித்தார்.

தங்கள் கிணற்றில் என்ன இருக்கிறது என்று அறிய பழைய கோவா மக்களுக்கு வழியில்லை. நமக்கு வழியிருக்கிறது, நம் பாடநூலிலேயே இருக்கிறது. அதைத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவோமானால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? நண்பர்களே, அடுத்த மழை வருமுன் உங்கள் வீட்டிலும் ஒரு கயிற்றை எடுத்து அளந்து பாருங்கள்.