இரத்தக் குழாய்ச் சுவரில் ஆறாத புண்

இதயத்தில் அடைப்பு என்றதும், சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து தண்ணீர் இறங்காமல் நிற்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் நம் மருத்துவ முகாம்களில் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது: "கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" பதில் சொல்ல, குழாயின் சுவருக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய படலம் உண்டு. புகை, உயர் இரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை அதைப் புண்ணாக்குகின்றன. அந்த இடத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து தங்கிக் கெட்டுப்போகிறது. உடல் அதை வேண்டாத பொருளாகக் கருதுகிறது. கிருமி நுழைந்தால் ஓடிவரும் வெள்ளையணுக்களே இங்கும் வந்து, படலத்தைத் தாண்டி உள்ளே போய், கொழுப்பை விழுங்கத் தொடங்குகின்றன. கிருமி என்றால் தின்றதும் வேலை முடிந்துவிடும். கொழுப்போ வந்துகொண்டே இருக்கிறது. தின்று உப்பிய செல்கள் அங்கேயே மடிகின்றன; அவற்றை அகற்ற மேலும் செல்கள் வருகின்றன. காவலுக்கு வந்தவர்களே கூட்டமாகத் தங்கி வீட்டைப் பாழாக்குவது போலத்தான்.

இந்தப் புண்ணின் மேல் உடல் நார்த்திசுவால் ஒரு மூடி போடுகிறது. வெள்ளையணுக்கள் சுரக்கும் நொதிகள் அந்த மூடியையே அரிக்கின்றன. மூடி கிழிந்தால் அங்கே இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் அடைபடலாம். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. குழாயில் பாதிகூட அடைக்காத சிறு படிவும் கிழியலாம். "போன மாதம்தானே டிரெட்மில் டெஸ்ட் நன்றாக இருந்தது" என்று குடும்பத்தார் திகைத்து நிற்பது இதனால்தான்.

சுவரில் அழற்சி இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். அழற்சியை மட்டும் தணித்தால் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று 2017இல் வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரிடம், கொலஸ்ட்ராலைக் குறைக்காத கனகினுமாப் என்ற ஊசியைச் சோதித்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றே கூடின. காவலைக் குறைத்தால் கிருமிக்கு வழி கிடைக்கிறது. எதிர்ப்பு சக்தி கூடினால் எல்லாமே நல்லது என்று பொடி விற்பவர்களை நம்புவோர் இந்த இரண்டு பக்கத்தையும் யோசிக்கட்டும்.

ஸ்டேட்டின் மாத்திரை கொழுப்பைக் குறைப்பதோடு அழற்சியையும் தணிக்கிறது, மூடி உறுதிப்படுகிறது. பரிசோதனையில் எண் சரியாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். நோன்பு மாதத்திலும் விட வேண்டியதில்லை. இரவில் எடுக்கும்படி நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். முடக்குவாதம், சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு உடலில் அழற்சி நீடிப்பதால் இதயநோய் அபாயம் கூடுதல். அவர்கள் இதயப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டும். நெஞ்சில் இறுக்கம், கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை என்றால், வாயு என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.