நீர்த்தேக்கம் வற்றும் காலமும் டயாலிசிஸ் நீரும்

“ஆர்.ஓ. தண்ணீர்தானே, இதில் என்ன அச்சம்?” என்று டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. அதற்கு விடையாக, சிறுநீரக மருத்துவர்கள் மறக்கவியலாத ஒரு நிகழ்வை இங்கே விளக்குகிறோம்.

பிரேசிலின் வடகிழக்கில், பெர்னாம்புகோ மாநிலத்தில் கருவாரு என்னும் நகரம் உள்ளது. அது அரை வறண்ட நிலப்பகுதி. ஆண்டு மழையின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் பெய்துவிடும். எஞ்சிய காலத்துக்கு நீர்த்தேக்கங்களே துணை. 1996 பிப்ரவரியில், வறட்சியின்போது, அங்குள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்குத் தபோகாஸ் நீர்த்தேக்கத்தின் நீர், முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத நிலையில், டேங்கர் லாரிகளில் வந்தது. சிகிச்சை பெற்றவர்களுள் 100-க்கும் மேற்பட்டோருக்குப் பார்வைக் கோளாறும் குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. தொடர்ந்து பலருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நீரில் நிகழ்ந்தது என்ன? மழைக்காலத்தின் முதல் வெள்ளம் வயல்களின் உரத்தையும் சாணத்தையும் ஊர்க்கழிவையும் வண்டலோடு வாரிக்கொண்டு நீர்த்தேக்கத்தை அடைகிறது. அப்போது நீர் கலங்கியிருக்கும், நோய்க்கிருமிகளும் மிகுந்திருக்கும். ஆயினும் அந்தக் கலங்கலைவிட, அதன்பின் வரும் தெளிவே எங்களைக் கூடுதலாகக் கவலைகொள்ளச் செய்கிறது. வண்டல் படிந்ததும் சூரியஒளி நீருள் ஆழமாகப் புகுகிறது. நீர் ஆவியாகி மட்டம் தாழத் தாழ, உப்புகளும் பாஸ்பரஸ் போன்ற ஊட்டப்பொருள்களும் செறிகின்றன. புதுநீர் வரத்தின்றி, வெதுவெதுப்பாக அசையாது நிற்கும் நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகுகிறது. பாசி என்று வழங்கினாலும் இவை உண்மையில் பாக்டீரியாக்களே. இவற்றுள் சில, மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நச்சை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் இந்நச்சு அழியாது; பாசியின் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் நச்சும் வெளியேறி நீரில் கலந்துவிடும். கருவாரு மையத்தின் வடிகட்டிக் கரியிலும் நோயாளிகளின் கல்லீரலிலும் இந்நச்சு கண்டறியப்பட்டது.

குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்று 1998-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அவ்வளவு குடிநீருக்கு உரியது. டயாலிசிஸில் நிலைமை வேறு. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் உங்கள் இரத்தத்தை அடுத்து ஓடுகிறது. இடையே இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. குடல் தரும் தடை இங்கில்லை.

ஆகவேதான் ஆர்.ஓ. கருவிக்கு முன்னால் கரி வடிகட்டிகளை வைத்துள்ளோம். கரிக்கும் ஆயுள் உண்டு. வெள்ளத்துக்குப்பின் நீர் வழங்குவோர் குளோரினை உயர்த்தினால், தளர்ந்த கரியைக் கடந்து வரும் குளோரமின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பாக நாங்கள் நீரைச் சோதிப்பது இதற்காகவே. அதனால் உங்கள் முறை சற்றுத் தாமதமானால் பொறுத்தருளுங்கள். வெளியூரில் சிகிச்சை பெற நேர்ந்தால், நீர் எங்கிருந்து வருகிறது, இன்று சோதித்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சிகிச்சையின்போதோ அன்றிரவோ பார்வை மங்கினாலும், குமட்டினாலும், வாந்தி வந்தாலும் உடனே செவிலியரிடம் கூறுங்கள். பெரும்பாலும் இரத்த அழுத்தம் தாழ்ந்ததே காரணமாக இருக்கும். அருகிலுள்ள படுக்கையில் இருப்பவருக்கும் அதே தொல்லை இருந்தால், அதையும் தவறாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.