குளத்து நீரில் வாழும் நுண்ணிய இளம்பிராணிகளை உருவத்தால் அறிதல்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஆலயத்துச் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, 15 படுக்கைகளுடைய ஆதுலர்சாலை ஒன்றைக் குறிப்பிடுகின்றது. பிணி தீர்த்தலில் அத்துணைக் கருத்துச் செலுத்திய ஊரார், தம் நீர்நிலைகளில் வாழும் சிற்றுயிர்களையும் அறிந்திருத்தல் நலம்.

இப்பகுதிக் குடியானவர் ஒருவர், மீன்குஞ்சு விடுவதற்கென நீர் நிரப்பிய சிறு குளத்திலிருந்து ஒரு தம்ளர் நீர் கொணர்ந்து, "ஐயா, நீரெல்லாம் பூச்சியாக இருக்கிறது, பயிருக்குத் தெளிக்கும் மருந்தைக் கொஞ்சம் ஊற்றிவிடலாமா?" என்று வினவினார். பூதக்கண்ணாடி கொண்டு நோக்கியபோது, அவை அழிக்கத்தக்கனவல்ல. அவர் விடவிருந்த குஞ்சுகளுக்கு முதலுணவாகும் பிராணிகளே எனத் தெரிந்தது. மருந்து ஊற்றியிருப்பாராயின் அவ்வுணவும் அழிந்து, மீனும் மடிந்திருக்கும்.

நீரைச் சோதிக்கும் முறை: காலையில், நெருங்கிய நெசவுள்ள மெல்லிய துணியினால் சில குடம் குளத்து நீரை வடிகட்டுக. துணியில் தங்கியதைக் கண்ணாடித் தம்ளரில் சிறிது நீருடன் அலசி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நோக்குக. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டும். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி கிடைப்பின் மிக நன்று.

நாப்ளியஸ்: இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த பல பிராணிகள், முட்டையினின்று வெளிப்படும்போது தாயின் உருவத்தைப் பெற்றிருப்பதில்லை. அவ்விளம்பருவத்திற்கு நாப்ளியஸ் என்று பெயர். டென்மார்க்கு தேசத்து முல்லர் என்பார் 1785-இல் இதனைத் தனியொரு பிராணியெனக் கருதியே இப்பெயரிட்டார். இதன் அடையாளங்கள் மூன்று: உடல் கண்டங்களாகப் பிரியாது முட்டை வடிவாக இருக்கும், தலையின் நடுவே ஒற்றைக் கண் இருக்கும், உறுப்புக்கள் மூன்று ஜதை மட்டுமே. சைக்ளாப்ஸ் என்னும் பிராணி ஆறு நாப்ளியஸ் பருவங்களைக் கடந்து, பின்னர் வாலும் கண்டங்களும் பெற்று வளர்கின்றது.

பிறவற்றினின்று பிரித்தறிதல்:

1. வளர்ந்த சைக்ளாப்ஸ்: பேரிக்காய் போன்ற உடல், பிளவுபட்ட வால். குதித்துக் குதித்து நீந்தும். பெண் பிராணி வாலின் இருபுறமும் இரண்டு முட்டைப்பைகளைச் சுமந்திருக்கும்.

2. டாப்னியா: உடலை ஓடு மூடியிருக்கும், கிளைத்த கொம்புகளால் துள்ளும். இதன் குஞ்சுகள் தாயின் முதுகறையிலேயே வளர்ந்து, தாயைப் போன்ற உருவத்துடன் வெளிவரும், நாப்ளியஸாக நீந்துவதில்லை.

3. கொசுப்புழு: கால்கள் இல்லை, உடல் நீண்டிருக்கும். சுவாசிக்க மேற்பரப்பிற்கு வரும். இது மேற்கூறிய இனத்தைச் சேர்ந்ததன்று.

இதனால் ஆகும் பயன்: புதிதாக நீர் நிரப்பி எருவிட்ட குளத்தில் மிக நுண்ணியவை முதலிலும், பெரியவை பின்னரும் பெருகும். கட்லா, ரோகு முதலியவற்றின் இளங்குஞ்சுகளுக்கு வாய் சிறிதாதலின், நாப்ளியஸ் மிகுந்திருக்கும்போதே அவற்றை விடுதல் வேண்டும். காலந் தாழ்த்தினால் நாப்ளியஸ்கள் வளர்ந்த சைக்ளாப்ஸாகி, இளங்குஞ்சுகளையே பற்றிக் கொல்லும். ஆகவே ஒரே பிராணி ஒரு பருவத்தில் உணவு. மற்றொரு பருவத்தில் பகை.

குடிநீரிலோ வேறு கவலை உண்டு. நரம்புச் சிலந்தி நோயின் நுண்புழுக்கள் சைக்ளாப்ஸின் உடலில் தங்கி வளர்ந்து, அதனை விழுங்குவோருக்குப் பரவுகின்றன. ருஷிய அறிஞர் பெட்சென்கோ 1870-ஆம் ஆண்டளவில் இத்தொடர்பைக் கண்டறிந்தார். இந்தியாவில் இந்நோய் கடைசியாக 1996-இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டது; 2000-இல் நம் தேசம் அதனின்று விடுபட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. குடிநீரைத் துணியில் வடிகட்டுதலும், படிக்கிணறுகளில் இறங்காது தடுத்தலும் இவ்வெற்றிக்குப் பெரிதும் உதவின. நோய் ஒழிந்தமையால் அந்நற்பழக்கங்களைக் கைவிடலாகாது.

ஆதலின் கிராம அதிகாரிகளும் நிலச்சொந்தக்காரர்களும், எந்தக் குளத்திலும் மருந்து ஊற்றுமுன் ஒரு தம்ளர் நீரை எடுத்து நோக்குவார்களாக. ஒற்றைக் கண்ணும் மூன்று ஜதை உறுப்புக்களும் தென்பட்டால், கையிலுள்ள மருந்தைக் கீழே வைத்துவிட்டு, மீன்குஞ்சுக்கு ஏற்பாடு செய்வார்களாக.